முகிற்பெயரும் முகிற்பதிவும்: தாம்பரம் சார்ந்த வானை முன்னிட்டு ஒரு வரலாற்றாய்வு

1. ஆய்வின் நோக்கம்

தமிழில் முகிலைக் குறிக்கும் சொற்கள் மிகப் பல. மேகம், முகில், எழிலி, கொண்மூ, கொண்டல், மங்குல், மஞ்சு, புயல், மாரி, மழை, கார், செல், குயின், மை, பயோதரம், சீமூதம் என அவை விரிந்து செல்லும். இச்சொல்வளத்தைச் சுட்டி, முகிலின் வகைகளையெல்லாம் பண்டைத் தமிழர் நுணுகி வகுத்திருந்தனர் எனப் பெருமிதம் கொள்வார் ஒரு சாரார். இவையனைத்தும் ஒருபொருட் பன்மொழிகளே. செய்யுள் யாப்போர்க்கு எதுகையும் மோனையும் உதவுதற்பொருட்டுத் தொகுக்கப்பட்டவை. இவற்றுள் வகைப்பாடு ஏதும் இல்லை என்பார் மற்றொரு சாரார். இவ்விரு கூற்றும் சொற்களை மட்டும் நோக்கிக் கூறப்பட்டனவேயன்றி, வானையும் உடன் நோக்கிக் கூறப்பட்டன அல்ல. சொல்லையும் வானையும் ஒருங்கு வைத்து ஆராயின் மூன்றாவதொரு முடிபு பெறப்படும் என்பதே இக்கட்டுரையின் துணிபு.

ஆராய்ச்சிக்கு ஓர் இடவெல்லை வேண்டும். தாம்பரம், பல்லாவரம், மீனம்பாக்கம், பள்ளிக்கரணை, வண்டலூர் எனச் சென்னையின் தெற்கே விரிந்துள்ள புறநகர்ப் பகுதியை யாம் எல்லையாகக் கொள்கின்றோம். அதற்குக் காரணங்கள் உள. கடலினின்று ஏறத்தாழ 14 கிலோமீட்டர் மேற்கே அமைந்த தாம்பரம், கடற்காற்றும் மேல்காற்றும் எதிர்ப்படும் வெளியில் உள்ளது. மீனம்பாக்கத்தில் வானூர்தி நிலையத்தை ஒட்டி வானிலைப் பதிவு நடைபெற்று வருகின்றது. இந்நாட்டின் அறிவியல் வரலாற்றில் இடம்பெற்ற நில அளவை ஒன்றும், இப்பகுதியோடு பிற்காலத்தில் தொடர்புற்ற கல்லூரி ஒன்றைச் சார்ந்த வானக்காட்சிப் பதிவு ஒன்றும் இவ்வாராய்ச்சிக்குப் பெரிதும் துணை புரிகின்றன.

2. நிகண்டு தொகுத்தது எதனை?

திவாகரம், பிங்கலம், சூடாமணி என்னும் நிகண்டுகள் முகிலின் பெயர்களைத் தொகுத்துத் தருகின்றன. பிங்கலம் தன் பத்து வகைகளுள் முதலதற்கு வான்வகை என்றே பெயரிட்டது. எனினும் நிகண்டின் முறை யாது? பல சொற்களை அடுக்கி, இவையெல்லாம் முகிலின் பெயர் என ஒரு தலைப்பின்கீழ் நிறுத்துவது அது. எச்சொல் எவ்வகை முகிலுக்கு உரியது என்னும் வேறுபாட்டை அது கூறுவதில்லை. ஆதலின் நிகண்டை மட்டும் கற்பார்க்கு எல்லாச் சொல்லும் ஒன்றாகவே தோன்றும்.

சொற்களின் பகுதியை நோக்கின் நிலை வேறாகின்றது. கொண்மூ, கொண்டல் என்பன கொள்ளுதல் என்னும் வினையின்பால் நிற்பன. நீரை முகந்துகொண்ட முகிலைச் சுட்டுவன. கொண்டல் என்பது கீழ்காற்றையும் குறித்தலின், கடலினின்று நீர் கொணரும் காற்றும் அது கொணர்ந்த முகிலும் ஒரு பெயர் பெற்றன என்க. செல் என்பது இயக்கம் பற்றியது. மங்குல் என்பது ஒளி மங்கச் செய்யும் நிலையை உணர்த்தி, இருளுக்கும் பெயராயிற்று. மை, கார் என்பன நிறம் பற்றியவை. மஞ்சு என்பது வெண்முகிலையும் பனிப்படலத்தையும் உணர்த்திப் பெரிதும் மலையோடு சார்த்தி வழங்கப்பெறும். நிறைந்த சூலையுடையது என்னும் பொருளில் கமஞ்சூல் என்னும் தொடர் முகிலுக்கு அடையாகச் சங்கச் செய்யுட்களில் வரும். பெய்தற்கு அணியமான முகிலை அது குறிக்கும்.

இவற்றால் பெறப்படுவது யாது? தமிழ்ப் பெயர்கள் முகிலின் வடிவத்தை நோக்கி எழுந்தவை அல்ல. முகில் நீரோடு கொண்ட உறவை நோக்கி எழுந்தவை. நீரை எடுத்தல், சுமத்தல், எழுதல், இருளுதல், பெய்தல் என்னும் நிலைகளே பெயர்க்கு அடியாயின. மழையை நோக்கி வாழ்ந்த உழவரும், காற்றை நோக்கி வாழ்ந்த பரதவரும் வழங்கிய மொழியில் இஃது இயல்பே. முகில் அழகியதா, அரியதா என்பது அன்று அவர்தம் வினா. அது தருமா, தாராதா என்பதே வினா. திருக்குறளில் வான்சிறப்பு கடவுள் வாழ்த்தை அடுத்து வைக்கப்பட்டமையும், கடலினின்று கொண்டதை எழிலி திருப்பித் தாராதாயின் கடலும் வளம் குன்றும் என்னும் கருத்து ஆண்டு அமைந்தமையும் இந்நோக்கினை வலியுறுத்தும்.

சொற்பொருள் மாறியமையும் ஈண்டு நினைத்தற்குரியது. சங்க காலத்தில் மழை என்னும் சொல் முகிலையும் குறித்தது. இன்று பெய்யும் நீரையே குறிக்கின்றது. புயல் என்பது முகிலுக்கும் மழைக்கும் பெயராய் நின்று, இன்று சூறாவளிக்கே உரித்தாயிற்று. இவ்வாறு பல சொற்கள் தம் பழம்பொருளை நீத்தபின், அன்றாட வழக்கில் எஞ்சியது மேகம் என்னும் ஒரு சொல்லே எனலாம். சொல் குறையக் குறைய, நோக்கும் பழக்கமும் குறைந்தது.

3. புலவர் கண்டதும் புலவர் மரபும்

நீரோடு உறவுடைய நிலைகளையே பெயரிட்டனர் என்றமையால், வடிவத்தைப் புலவர் நோக்கிலர் என்பது பொருளன்று. முல்லைப்பாட்டில் நப்பூதனார், நீர் பருகி எழுந்து மலைமேற் பரவிய முகிலுக்கு, மாவலி வார்த்த நீர் கையில் வீழ்ந்த அளவிலே நெடிதுயர்ந்த திருமாலை உவமை கூறினார். குறளனாய் வந்து நெடியோனாய் வளர்ந்த கதை அது. சிறு திரளாய்த் தோன்றிய முகில் ஒரு நாழிகைக்குள் பன்மடங்கு உயர்ந்து கார்திரள் முகிலாகும் வளர்ச்சியைக் கண்டோர்க்கு இவ்வுவமையின் பொருத்தம் விளங்கும். உவமைக்கு நிறம் மட்டும் காரணமாயின் திருமால் என்பதே அமையும். வளர்ச்சியைக் காட்டவே நீரேற்று நிமிர்ந்த நிலை கூறப்பட்டது. ஆண்டாள் அருளிய திருப்பாவையிலும் கடலுட் புகுந்து முகந்து ஏறும் முகில், பின்னர் மின்னி முழங்கிப் பெய்யும் வரிசை முறையாகச் சொல்லப்படுகின்றது.

ஆயினும் ஈண்டு ஓர் எச்சரிக்கை வேண்டும். முகில் வலமாக எழுந்து வளைந்தது என்னும் கூற்றுப் பத்துப்பாட்டுள் முல்லைப்பாட்டிலும் நெடுநல்வாடையிலும் காணப்படும். இதனைக் கொண்டு, புயலின் சுழற்சியைப் பண்டைத் தமிழர் கண்டறிந்தனர் என்று கூறத் துணிவாரும் இருக்கலாம். அது பொருந்தாது. நிலவுலகின் வடபாதியில் தாழ்வழுத்தத்தைச் சூழ்ந்து நிலமருங்கில் வீசும் காற்று இடஞ்சுழியாகவே சுழலும். வங்கக் கடலின் புயல்கள் அனைத்தும் அவ்வாறே சுழல்கின்றன. வலமாதல் என்பது மங்கல மரபு. புலவர் அம்மரபினை முகிலுக்கும் ஏற்றிக் கூறினார் என்று கொள்வதே நேரிது. நெடியோன் உவமையில் புலவரின் கண்ணும், வலன் எழுதலில் புலவரின் மரபும் பேசுகின்றன. இரண்டையும் பிரித்தறிதல் இலக்கிய ஆராய்ச்சியாளர் கடன்.

இவ்வாறே, ஏழு முகில் என்னும் தொகையும் ஆராயத்தக்கது. சம்வர்த்தம், ஆவர்த்தம், புட்கலாவர்த்தம் முதலாக எண்ணப்படும் அவை மணி, பொன், பூ, மண், கல், தீ முதலியவற்றைப் பொழிவன எனக் கூறப்படும். இது கட்புலக் காட்சியன்று, புராண வகைப்பாடு. இதனை இயற்கை நோக்கோடு கலந்து எண்ணுதல் தகாது.

4. பழமொழியுள் ஒளிந்த வகைப்பாடு

முகிலின் அரிய தோற்றங்களுக்கு மரபில் பெயரே இல்லையா என்னும் வினா இனி எழும். வானத்தில் ஒளியால் நிகழும் தோற்றங்களுக்குப் பெயர் உண்டு. வானவில், திருவில், இந்திரவில் என்பன ஒரு தோற்றத்தின் பெயர்கள். கொலைவில் அறியாது வானின் வில்லை மட்டுமே அறிந்த நாடு எனப் புறநானூற்றில் குறுங்கோழியூர் கிழார் சேரன் ஒருவனின் ஆட்சியைப் புகழ்ந்தமை கற்றார் அறிவர். ஞாயிற்றையும் திங்களையும் சூழ்ந்து தோன்றும் வட்டத்திற்குப் பரிவேடம், ஊர்கோள் என்னும் பெயர்கள் உள. வடமொழியில் வராகமிகிரர் இயற்றிய பிருகத் சம்கிதையும் இவ்வட்டத்திற்கெனத் தனி இயல் வகுத்துள்ளது.

நிகண்டு இவ்வட்டத்தை ஒன்றாகவே கூறிற்று. ஆனால் மக்கள் வழக்கு அதனை இரண்டாகப் பகுத்தது. திங்களைச் சூழ்ந்த வட்டம் அகன்றிருப்பின் மழை அணித்து என்னும் கருத்துடைய பழமொழி தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் வழங்கி வருகின்றது. அகன்ற வட்டம் என்று அடைகொடுத்தமை ஈண்டு நோக்கத்தக்கது. அகலாத வட்டம் ஒன்றும் உண்டு என்பது அதனால் பெறப்படும்.

இயற்பியல் இவ்வேறுபாட்டை உறுதி செய்கின்றது. அகன்ற வட்டம், ஏறத்தாழ 22 பாகை ஆரமுடையது. மிக உயர்ந்த கீற்றுப்படை முகிலில் உள்ள அறுகோணப் பனித்துகள்களுள் ஒளி புகுந்து முறிதலால் தோன்றுவது. குறுகிய வட்டமோ சில பாகை அளவினது. தாழ்ந்த அல்லது இடைப்பட்ட மெல்லிய முகிலின் நீர்த்துளிகளால் ஒளி விளிம்பு வளைதலால் தோன்றுவது. கையை நீட்டி விரல்களை அகல விரித்துப் பிடித்தால் பெருவிரல் நுனிக்கும் சிறுவிரல் நுனிக்கும் இடைப்பட்ட அளவு ஏறத்தாழ 20 பாகையாகும். எவரும் இவ்வேறுபாட்டை இதனால் கண்டறியலாம். உயர்ந்த பனிமுகில், தொலைவில் எழுந்த இடிமுகிலின் தலைப்பகுதி பரவியமையாலும் வருவது. ஆதலின் அகன்ற வட்டத்தைக் கண்டு மழையை எதிர்பார்த்தமைக்கு ஓரளவு அடிப்படை உண்டு. ஒவ்வொரு முறையும் மழை வரும் என்பது அதன் பொருளன்று. எனினும், ஏட்டில் ஏறாத பழமொழி, ஏட்டில் ஏறிய நிகண்டினும் நுண்ணியதாயிருத்தலை மறுத்தல் இயலாது.

5. 1802: நிலம் அளந்ததும் முகில் பெயர்பெற்றதும்

இனி, பதிவேட்டின் வரலாற்றுக்கு வருவோம். சென்னையில் வில்லியம் பெட்ரி என்பார் 1786இல் தம் பொருட்டு அமைத்த வானாய்வுக்கூடம், பின்னர்க் கிழக்கிந்தியக் கம்பெனியின் பொறுப்பில் வந்து, 1792இல் நுங்கம்பாக்கத்தில் நிலைபெற்றது. மைக்கேல் டாப்பிங் அதன் கட்டடத்தை அமைத்தார். ஜான் கோல்டிங்காம் காலத்தில், 1796 முதலாக, வானிலைக் குறிப்புகள் ஒழுங்காக எழுதப்பெற்றன. இந்நாட்டின் பழமையான வானிலைப் பதிவுகளுள் அவை வைத்து எண்ணப்படுவன.

1802ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்களில் வில்லியம் லாம்ப்டன், பரங்கிமலையை அடுத்துத் தெற்கே பெரும்பாக்கம் குன்றை நோக்கி ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளமுடைய அடிக்கோட்டை அளந்தார். இந்தியப் பெருநில அளவைக்கு அதுவே தொடக்கம். அதே ஆண்டு திசம்பர்த் திங்களில் இலண்டனில் லூக் ஓவார்டு என்னும் மருந்து வணிகர், முகில்களின் வடிவ வேறுபாடு பற்றி ஒரு சிறு கழகத்தில் உரையாற்றினார். முடிச்சுருள் என்னும் பொருளுடைய சிர்ரசு, குவியல் என்னும் பொருளுடைய குமுலசு, படுகை என்னும் பொருளுடைய ஸ்டிராட்டசு, மழையைக் குறிக்கும் நிம்பசு என்னும் இலத்தீன் பெயர்களை அவர் வழங்கினார். இன்று நம் பள்ளி நூல்கள் இவற்றையே கீற்று, திரள், படை, கார் என வழங்குகின்றன. அதே 1802இல் பிரான்சு நாட்டில் இலமார்க்கும் ஒரு வகைப்பாடு வெளியிட்டார். பிரெஞ்சு மொழியில் அமைந்த அவர்தம் பெயர்கள் நிலைபெறவில்லை.

ஓவார்டின் முறைக்கும் தமிழ்ச் சொன்முறைக்கும் உள்ள வேறுபாடு தெளிவு. அவர் நோக்கியது வடிவம். தமிழ் நோக்கியது செயல். ஒன்று உயர்ந்தது, மற்றது தாழ்ந்தது என்பதற்கு இடமில்லை. ஆனால், முன்பு காணாத ஒரு முகிலைக் கண்டவன் அதனைப் பிறர்க்கு உணர்த்த வேண்டுமாயின், வடிவப் பெயரே உதவும். செயற்பெயர் தான் அறிந்த முகிலின் நிலையைக் கூறும். அறியாத முகிலைக் கூறமாட்டாது.

ஓவார்டின் வித்திலிருந்து வளர்ந்ததே 1896இல் முதன்முதல் வெளிவந்த உலக முகிற்படநூல். முகிலைப் பத்து இனமாக வகுத்த முறை அதனால் உலகெங்கும் பரவியது. 1875இல் தோன்றியிருந்த இந்திய வானிலைத் துறையின் பதிவேடுகளும் உலகப் பொதுமுறையையே தழுவின.

6. 1883: பசுமை நிறம் காட்டிய ஞாயிறு

பதிவேடு இருந்தும் அரிய காட்சி தானே பதிவாகிவிடுவதில்லை. அதனைத் தனியே எழுத ஒருவர் வேண்டும். இதற்குச் சென்னை வரலாறே சான்று தருகின்றது.

1883ஆம் ஆண்டு ஆகத்து 26, 27 ஆகிய நாட்களில் சுந்தா நீரிணையில் உள்ள கிரக்கத்தோவா எரிமலை வெடித்தது. அதனின்று எழுந்த நுண்துகளும் ஆவியும் வளிமண்டலத்தின் உயர்ந்த அடுக்கில் மேற்கு நோக்கிச் சென்று, ஏறத்தாழ இரண்டு வாரத்திற்கு ஒரு சுற்றாக நிலவுலகைச் சுற்றின. செப்டம்பர் இரண்டாம் வாரத்தில் இலங்கையிலும் சென்னையிலும் ஞாயிறு பசுமை நிறமாகத் தோன்றியது. அத்திங்களின் பிற்பகுதியில் அக்காட்சி மீண்டும் தோன்றியது.

அக்காலத்தில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராய் இருந்தவர் சார்லசு மிச்சி சுமித்து. கல்லூரி அன்று நகரின் வடபகுதியில் இருந்தது. தாம்பரத்திற்கு வந்தது 1937இல். பலரும் வியந்து நோக்கிய ஞாயிற்றை அவர் நிறமாலைநோக்கி கொண்டு ஆராய்ந்தார். நிறமாலையின் செந்நிற முனை மிகுதியும் உறிஞ்சப்பட்டிருந்தமையையும், நீராவிக்குரிய பட்டைகள் வலுத்திருந்தமையையும் குறித்தார். அக்குறிப்புகளை ஆங்கில அறிவியல் இதழ்களில் வெளியிட்டார். இலண்டன் அரச கழகம் 1888இல் வெளியிட்ட கிரக்கத்தோவாப் பேரறிக்கை, உலகின் பல பகுதிகளினின்றும் வந்த இத்தகைய குறிப்புகளைக் கொண்டே எழுந்தது. மிச்சி சுமித்து 1891இல் சென்னை அரசு வானூலாராகி, 1899இல் கொடைக்கானல் வானாய்வுக்கூடம் தோன்றக் காரணமாயிருந்தார்.

ஞாயிறு பசுமையாதற்கு நீராவி மிகுதியைக் காரணமாக முதலில் கருதினர். ஒளியின் அலைநீளத்தோடு ஒத்த பருமனும், தம்முள் ஏறத்தாழ ஒரே அளவும் உடைய துகள்கள் செந்நிறத்தை மிகுதியும் சிதறடித்து, நீலத்தையும் பச்சையையும் எஞ்சவிடும் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. 1950ஆம் ஆண்டு செப்டம்பரில் கனடாவின் காட்டுத்தீப் புகையால் இசுகாட்லாந்தில் ஞாயிறு நீலநிறமாகத் தோன்றியதும் இவ்விளக்கத்திற்குத் துணையாயிற்று. ஆகவே, விளக்கம் மாறியது, பதிவு நின்றது. கண்டதைக் கண்டவாறு, நாளும் நேரமும் குறித்து எழுதி வைத்தமையால், பின்வந்தோர் புது விளக்கம் காண இயன்றது. பதிவு இல்லையேல் திருத்துதற்கும் ஒன்று இராது. இந்நிகழ்ச்சி நமக்குக் கற்பிக்கும் முதன்மையான பாடம் இதுவேயாகும்.

மற்றொன்றும் கூறுதற்குரியது. அப்பேரறிக்கைக்குக் குறிப்பு வழங்கினோர் பேராசிரியர்களும் கப்பற்றலைவர்களும் அலுவலர்களும் ஆவர், மொழி ஆங்கிலம். அப்பசுமையை வயலில் நின்று கண்ட உழவனும், கட்டுமரத்தில் இருந்து கண்ட பரதவனும் தம் மொழியில் என் சொன்னார்கள்? சுதேசமித்திரன் 1882இல் வார இதழாகத் தொடங்கியிருந்தது. யாழ்ப்பாணத்தில் உதயதாரகை 1841 முதல் வெளிவந்தது. 1883 செப்டம்பர், அக்டோபர் இதழ்களை இவ்வொரு நோக்கோடு புரட்டுதல் ஆய்வு மாணவர் மேற்கொள்ளத்தக்க நற்பணியாம்.

7. தாம்பரத்து அன்றாட வானம்

அரிய முகிலைக் காண அயல்நாடு செல்ல வேண்டுவதில்லை. தாம்பரத்து வானமே போதும். ஆனி முதல் புரட்டாசி வரையுள்ள மாலைப்பொழுதில் மேற்கே எழும் கார்திரள் முகிலின் தலைப்பகுதி பட்டடை போல் பரந்து நீளும். அதன் அடியில் சிற்சில வேளை பை பையாகத் தொங்கும் வடிவங்கள் தோன்றும். சாயும் ஞாயிற்றின் ஒளி கீழிருந்து படுங்கால் அவை செம்பொன் நிறம் பெறும். மேலைநாட்டார் இதற்கு மம்மாட்டசு எனப் பெயரிட்டனர். மார்பகம் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லினின்று பிறந்த பெயர் அது. நம் நிகண்டுகளில் முகிலின் பெயராக வரும் பயோதரம் என்னும் சொல்லும், நீரை அல்லது பாலைத் தாங்குவது என்னும் பொருளால், முகிலுக்கும் மார்பகத்திற்கும் ஒருங்கே உரியது. இலத்தீன் பெயர் வடிவத்தால் வந்தது. பயோதரம் செயலால் வந்தது. இரு மொழியும் வெவ்வேறு வழியிற் சென்று ஒரு பொருளை அடைந்தமை, மேற்கூறிய எம் கருத்திற்கு நல்ல எடுத்துக்காட்டு.

இடிமழை வருமுன், அதனின்று இறங்கிப் பரவும் குளிர்காற்று, முன்னிருந்த வெப்பக்காற்றை மேலே தள்ளும். அவ்வெல்லையில் வளைந்த தட்டுப்போல் தாழ்ந்ததொரு முகில் அடிவானத்தின் ஒரு கோடியினின்று மறுகோடி வரை நீண்டு வரும். வேகமாக உயரும் திரள்முகிலின் உச்சியில் மெல்லிய தொப்பி போன்ற படலம் கவிதலும், அதில் வானவிற்சாயல் தோன்றுதலும் உண்டு. கடற்காற்று உள்நாட்டிற்குள் நுழையும் எல்லையைச் சிறுதிரள் முகில்கள் வரிசையாகக் கோடிட்டுக் காட்டுதலைப் பள்ளிக்கரணைப் பக்கம் நோக்குவார் காணலாம்.

நீரின் உறைநிலைக்குக் கீழே குளிர்ந்தும் உறையாத துளிகளாலாகிய இடைத்திரள் முகிலை வானூர்தி ஊடுருவுங்கால், இறக்கையின்மேல் காற்று விரிந்து மேலும் குளிர்தலால் சில துளிகள் பனித்துகளாகும். அத்துகள்கள் சுற்றியுள்ள துளிகளின் நீரைக் கவர்ந்து வளர்ந்து கீழே விழ, முகிலில் வட்டமானதொரு துளை எஞ்சும். மீனம்பாக்கத்தை அண்மையிற் கொண்ட இவ்வூரார் இவ்வகைத் துளையை எதிர்நோக்குதற்குக் காரணம் உண்டு. 2017ஆம் ஆண்டு உலக வானிலை அமைப்பு வெளியிட்ட புதிய முகிற்படநூல் இத்துளை முகிலுக்கும், கரைமேல் மடியும் அலை போன்ற முகிலுக்கும், கலங்கிய கடலைக் கீழிருந்து நோக்கினாற் போன்ற முகிலுக்கும் தனிப்பெயர் வழங்கியது. வானூர்தியின் பின்னே நீளும் புகைக்கோட்டு முகிலுக்கும் மாந்தர் செயலால் பிறந்தது என்னும் பொருளில் பெயர் தந்தது. கலங்கிய கடல் போன்ற முகில் அந்நூலில் இடம்பெறக் காரணமாயிருந்தோர், 2005இல் தோன்றிய ஓர் ஆர்வலர் கழகத்தினர் என்பது குறிப்பிடத்தக்கது. துறைசாராத மக்களின் கண்ணும் உலகநூலில் ஏறும் என்பதற்கு அது சான்று.

8. பதிவேட்டின் குறை

நிகண்டின் குறையைக் கூறினோம். பதிவேட்டின் குறையையும் கூறுதல் நடுவுநிலையாகும். உலகப் பொதுமுறையில் வானிலை அலுவலர் முகிலைத் தாழ்ந்தது, இடைப்பட்டது, உயர்ந்தது என மூன்று அடுக்காக்கி, ஒவ்வோர் அடுக்கிலும் 1 முதல் 9 வரையுள்ள எண்களுள் ஒன்றால் குறிப்பர். வானம் எவ்வளவு மூடப்பட்டது என்பதை எட்டில் எத்தனை பங்கு எனக் குறிப்பர். வானூர்திக்கும் மழைக்கணிப்பிற்கும் இது பெரிதும் பயன்படும். ஆனால் பை பையாகத் தொங்கும் முகிலுக்குத் தனியெண் இல்லை. அதனைத் தாங்கிய கார்திரள் முகிலின் எண்ணே அதற்கும் எண்ணாகும். நிகண்டு பல பெயர்களை ஒரு பொருளில் அடக்கியது. பதிவேடு பல வடிவங்களை ஓர் எண்ணில் அடக்கியது. இரண்டிலும் அரியது மறைகின்றது.

அரியதே பெரியது என்று யாம் கூறவில்லை. 2015 திசம்பர் 1, 2 நாட்களில் தாம்பரத்தில் 24 மணி நேரத்திற்குள் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. மீனம்பாக்கத்தில் ஏறத்தாழ 35, நுங்கம்பாக்கத்தில் 29. அடையாற்றின் கரைகள் மூழ்கி, பல உயிர்கள் மாண்டன. அத்துணை நீரைச் சொரிந்த வானம், கீழிருந்து நோக்கினார்க்கு வேறுபாடற்ற சாம்பல் நிறப் பரப்பாகவே இருந்தது. கண்ணைக் கவரும் முகில் தீங்கற்றதாகலாம். கவராத முகில் ஊரை அழிக்கலாம். ஆதலின் அரிய முகிலை நோக்குதலின் பயன் வியப்பு மட்டும் அன்று. நாள்தோறும் நோக்கும் பழக்கம் உடையார்க்கே இயல்பும் வேறுபாடும் புலனாகும். ஒரே மழை மூன்று இடங்களில் மூன்று அளவாகப் பெய்தமை, ஊர்தோறும் நோக்குவோர் வேண்டும் என்பதையும் உணர்த்துகின்றது.

9. முடிபு

மேற்கூறியவற்றைத் தொகுத்துரைப்போம். தமிழ் முகிற்பெயர்கள் வெறும் ஒருபொருட் பன்மொழிகள் அல்ல. முகிலின் செயல்நிலைகளைச் சுட்டி எழுந்தவை. நிகண்டு அவ்வேறுபாட்டை மறைத்தது. பழமொழி சிலவற்றைக் காத்தது. வடிவம் பற்றிய பெயர் நம் மரபில் குறைவு. அக்குறையை ஒப்புக்கொள்வதால் மரபிற்கு இழுக்கில்லை. 1883இல் நிகழ்ந்த அரிய காட்சி, தனியே எழுதினோர் இருந்தமையால் அறிவுலகிற்குக் கிடைத்தது. தமிழில் எழுதப்பட்டது எவ்வளவு என்பதை இனித் தேட வேண்டும்.

செய்யத்தக்கவை மூன்று. முதலாவது, கடற்கரைக் குப்பங்களிலும் ஏரிக்கரைச் சிற்றூர்களிலும் முகிலையும் காற்றையும் பற்றி வழங்கும் சொற்களைக் கேட்டுத் தொகுத்தல்; வாடை, கொண்டல், சோழகம், கச்சான் எனக் காற்றைப் பகுத்தறியும் முதியோர் உள்ளபோதே அது செய்யப்படல் வேண்டும். தென்புறநகரின் ஏரிகளும் வயல்களும் மனையாகிவரும் விரைவை நோக்க, இப்பணிக்குக் காலம் நீளாது. இரண்டாவது, புதிய வடிவங்களுக்குப் பழஞ்சொற்களினின்று பெயர் ஆக்குதல்; தொங்கும் பை முகிலுக்குப் பயோதரமுகில் என்றும், தட்டு வடிவினதற்குத் தட்டுமுகில் என்றும், துளையுடையதற்குத் துளைமுகில் என்றும் வழங்கலாம் என யாம் முன்மொழிகின்றோம்; தக்கோர் ஆய்ந்து கொள்க. மூன்றாவது, தாம்பரம் சார்ந்த கல்லூரிகளின் தமிழ்த்துறை மாணவரும் இயற்பியல் மாணவரும் ஒருங்கு கூடி, நாள், நேரம், திசை, வடிவம் என்னும் நான்கினையும் தமிழில் எழுதிவைக்கும் ஏடொன்றைத் தொடங்குதல்.

விளக்கம் பின்னர் வரலாம். பின்னர் மாறவும் செய்யலாம். கண்டதை இன்று எழுதாவிடின் அது நாளை இல்லை. முகில் நிற்பதன்று, எழுத்தே நிற்கும்.